வலப்பக்கம் விழுந்த இரண்டு பூக்கள்

காரிமங்கலத்திலேயே இருப்பதா, கடலோரத்துக்குக் குடிபோவதா என்னும் கேள்வி, எங்கள் வீட்டுக்குள் ஒரு கல்யாணச் செய்தியாகத்தான் நுழைந்தது. ஆவணி மாதத்துக் காலை ஒன்றில், நாங்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் தட்டில் வெற்றிலையும் வாழைப்பழமும் ஏந்தி வந்தார். மகனுக்குப் பெண் அமைந்ததைச் சொன்னார். பெண் வீட்டாரின் நிலபுலன்களைச் சொன்னார். காப்பியைக் குடித்து முடித்து, தண்ணீரும் வாங்கிக் குடித்து, அதன் பிறகும் எழுந்திருக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சரம்மா, தையில கல்யாணங்க. வர்ற புள்ளைய எங்க ஒத்த ரூமு வூட்டுல எப்படிங்க வச்சுக்கறது. உங்களப் போய்க் கேக்கறதுக்கு எனக்கு நாக்கு வரமாட்டேங்குது.”

“வூடு உங்களுது. தைக்குள்ள நாங்க ஒரு எடம் பாத்துக்கறோம்,” என்றார் என் கணவர். “கல்யாணச் சேதிய இப்படியா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொல்றது. சிரிங்க.”

அவர் சிரித்தார். பத்தொன்பது ஆண்டுகளில் எங்களிடம் ஒரு கடுஞ்சொல் பேசியறியாத மனிதர்.

நான் அரசினர் பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் ஊராட்சி ஒன்றியத்தில் அடிபம்புகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்காக முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்தவர். பிள்ளைகள் இருவரும் வெளியூர்களில் தத்தம் குடும்பத்தோடு நலமாக இருக்கிறார்கள். சொந்த வீடு கட்டிக்கொள்ளும் வாய்ப்பு எங்களுக்கு அமையவில்லை; அது பற்றிய குறையும் இருந்ததில்லை. எழுபதை ஒட்டிய வயதில் வீடு தேடிப் புறப்பட்டபோதுதான் அந்த வேலைக்கு எவ்வளவு நடக்க வேண்டும் என்பது தெரிந்தது. முதலில் அகப்பட்டது ஒரு மாடி வீடு. படிகள் ஏணியைப் போல் நின்றன. கணவர் ஏறிப் பார்த்துவிட்டு, காற்று நன்றாக வருகிறது என்று மேலிருந்து குரல் கொடுத்தார். அந்தக் காற்றை அவரே வாங்கிக்கொள்ளட்டும் என்று, என் முழங்கால்களின் சார்பில் கீழே நின்றபடியே மறுமொழி சொன்னேன். பிறகு ஊர்க்கோடியில் ஒரு கீழ்வீடு வந்தது. வாடகை சற்றுக் கூடுதல். ஆயினும் இருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோரச் சிற்றூரிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் என் கணவரோடு அதே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்; ஓய்வுக்குப் பின் மனைவியின் ஊரில் குடியேறியவர். தம் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓட்டு வீடு ஒன்று காலியாக இருப்பதாகவும், கிணறும் நான்கு தென்னைகளும் உண்டென்றும், இங்கே ஒரு கூடத்துக்குக் கேட்கும் வாடகையில் அங்கே முழு வீட்டிலும் வாழலாம் என்றும் சொன்னார். பாடல் பெற்ற சிவாலயம் நடந்து போகும் தூரத்தில்தான் என்று, என்னைக் கருதி, இறுதியாக ஒரு வார்த்தை சேர்த்தார்.

கேட்டவுடன் நான் துள்ளியிருக்க வேண்டும். பதினான்கு வயது முதல் பதிகம் பாடி வருபவள் நான். மலைத்தலங்கள், வயல் சூழ்ந்த தலங்கள், ஆற்றங்கரைத் தலங்கள் என்று எத்தனையோ பாடல்கள் இருந்தும், கடற்கரைத் தலங்களைப் பாடும்போதே என் குரல் தானாக ஒரு படி உயரும். அலைகள் முத்தும் சங்கும் வாரிக் கொணர்ந்து பெருமானின் திருமுற்றத்தில் சொரிவதையும், புன்னை பொன்தூள் உதிர்ப்பதையும், தாழை மணப்பதையும், கேழ்வரகும் கொள்ளும் மழைக்கு வானம் பார்க்கும் இந்த மேட்டு நிலத்திலிருந்து ஐம்பது ஆண்டுகளாகப் பாடியிருக்கிறேன். புன்னை எப்படி இருக்கும் என்று எவராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். கடலைக்கூடப் பள்ளிச் சுற்றுலாவில் ஒரே முறைதான் கண்டேன். நாற்பது மாணவியரை எண்ணிக்கொண்டே இருந்ததில் கடலை ஏறிட்டுப் பார்க்க நேரமில்லை.

ஆனாலும் நான் துள்ளவில்லை. “பாத்துட்டு வரலாம், பாக்கறதுக்கு என்ன,” என்றுதான் சொன்னேன்.

புரட்டாசியில் சேலம், திருச்சி என்று பேருந்து மாறி மாறி அந்த ஊரை அடைந்தபோது பொழுது விடிந்துகொண்டிருந்தது. நண்பர் எங்களை வீட்டுக்கு அழைத்துப் போகும் முன் கரைக்கே அழைத்துச் சென்றார். என் கணவர் தம் எழுபத்தொன்றாம் வயதில் முதன்முறையாகக் கடலைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். முழங்கால் அளவு நீரில் இறங்கி நின்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மெல்லிய சிரிப்பன்று, தோள்கள் குலுங்க, கண்ணில் நீர் வர, நெடுநேரம் சிரித்தார்.

“என்னங்க ஆச்சு,” என்றேன்.

“இவ்வளவு தண்ணி, டீச்சரு. இவ்வளவும் சும்மா கெடக்குது.”

“உப்புத் தண்ணிதானே.”

“உப்பா இருந்தா என்ன. குடிக்கவா கேட்டேன். பாக்கத்தானே கேட்டேன்.”

அதற்கு மேலும் ஒரு வியப்பு அவருக்காகக் காத்திருந்தது. அந்த வீட்டுக் கிணற்றில் பத்தடியில் நீர் நின்றது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், வெறும் மணலில் தோண்டிய கிணறு. இதுவும் உப்பாகத்தான் இருக்கும் என்று நான் எண்ணினேன். அவர் ஒரு வாளி இறைத்து, கையில் ஏந்தி, முதலில் முகர்ந்தார்; பிறகு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்; பிறகு மடக் மடக்கென்று குடித்தார். எங்கள் பக்கத்தில் எண்ணூறு அடி துளையிட்டும் புழுதி மட்டுமே வந்த இடங்கள் அவருக்கு மனப்பாடம். பத்தடியில் நல்ல தண்ணீர் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. நண்பரிடம், “யோவ், இந்த ஊர்ல மெக்கானிக்குனு ஒருத்தன் இருந்தா அவனுக்கு என்னய்யா வேலை,” என்று கேட்டார். “சீட்டு வெளையாடறதுதான்,” என்றார் நண்பர்.

எனக்கும் அந்த ஊர் குறை வைக்கவில்லை. கோயில் வாசலில் நிழல் விரித்திருந்த மரத்தைக் காட்டி, அதுதான் புன்னை என்றார்கள். அதன் கீழே ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றிருந்தன. ஒரு ஸ்கூட்டரின் இருக்கை முழுவதும் வெண்பூக்கள் உதிர்ந்து கிடந்தன. ஐம்பது ஆண்டு பாடிய பூவை அந்த இருக்கையிலிருந்துதான் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வண்டிக்காரர் வந்து, நான் தூசு தட்டிக் கொடுப்பதாக நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். சந்நிதியில் நின்று அந்தத் தலத்துப் பதிகத்தை முழுவதும் பாடினேன். அம்மையப்பரின் திருமுன்னர் அன்று எனக்கு வாய்த்த நிறைவை எழுத்தில் அடக்க முயலமாட்டேன்.

இவ்வளவு நேர்ந்தும் திரும்பும் பேருந்தில் என் மனம் காரிமங்கலத்தையே சுற்றி வந்தது. அதற்குக் காரணம் பதினொரு பெண்கள்.

வெள்ளிதோறும் மாலையில் எங்கள் ஊர் மலைக்கோயிலின் அடிவாரத்து மண்டபத்தில் நாங்கள் கூடிப் பாடுகிறோம். ஓய்வு பெற்ற ஆண்டில் நான் தொடங்கியது. தையல்காரி, அங்கன்வாடிப் பணியாளர், பால் ஊற்றுபவர் என்று பலரும் உண்டு. அவர்களுள் வாரச் சந்தையில் தக்காளிக் கடை போடும் அம்மாள் ஒருவருக்கு எழுத்து வாசனையே இல்லை. செவிவழியாகவே நாற்பது பதிகங்களை மனத்தில் ஏற்றி வைத்திருக்கிறார். முதலடியை நான் எடுத்துக் கொடுப்பேன், அவர்கள் தொடர்வார்கள். காய்ச்சலில் நான் படுத்திருந்த வெள்ளிக்கிழமைகளில் பாட்டே நடக்கவில்லை. நான் போய்விட்டால் அந்த மண்டபத்தில் பாட்டே நின்றுவிடும் என்று உறுதியாக நம்பினேன். இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் “ம்,” என்றார். வற்புறுத்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆனால் நண்பர் அனுப்பிய கடல் வீடியோவைத் தினமும் காலைப் பலகாரத்தோடு கைபேசியில் ஓடவிட்டார். இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் அலை வந்து வந்து போயிற்று.

ஐப்பசியும் கழிந்தது. ஊர்க்கோடி வீட்டுக்காரர் விடை கேட்டார். கடலோர நண்பரும் விடை கேட்டார். “இனி நம்மால ஆகாது. ஆத்தாகிட்டப் பூ கேட்டுட்டாப் போச்சு,” என்றார் கணவர்.

எங்கள் குலதெய்வமான அம்மன் ஏரியூருக்கு அப்பால், சோளக் காடுகளுக்கு நடுவே வீற்றிருக்கிறாள். பெண் கொடுப்பது, நிலம் வாங்குவது, கிணறு வெட்டுவது என்று எதுவானாலும் என் கணவர் குடும்பத்தில் அவளிடம் பூக் கேட்ட பிறகுதான். பூசாரி அம்மனின் சிரசில் ஈர அரளிப்பூ ஒன்றை வைப்பார். கேட்பவர் தம் கேள்வியை மனத்துக்குள் நினைத்துக் கைகூப்பி நிற்க வேண்டும், வாய்விட்டுச் சொல்லலாகாது. பூ வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் இல்லை. இருவரும் சேர்ந்து வெள்ளிக்கிழமை போவது என்று முடிவு செய்தோம்.

இனி நான் எழுதப்போவதை, செய்தவள் நானே என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன். வியாழக்கிழமை தருமபுரிக் கருவூலத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. ஓய்வூதியம் வாங்குபவர் உயிரோடு இருப்பதை ஆண்டுக்கொரு முறை நேரில் காட்ட வேண்டும். காட்டினேன். கையெழுத்திட்டேன். வெளியே வந்தபோது பென்னாகரம் பேருந்து எதிரிலேயே நின்றிருந்தது. ஏறிவிட்டேன். ஏரியூருக்கு மாறி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து, அம்மனின் முன் நின்று கேட்டேன். பூ நெடுநேரம் அசையாமல் இருந்து, பின்பு வலப்பக்கம் விழுந்தது. எல்லாம் நிறைவேறிவிட்டதென்ற நிம்மதியோடு திரும்பினேன்.

நிம்மதி வந்ததும் கணவர்மேல் இரக்கம் வந்தது. பாவம், நாளை இவருக்குக் கடல் இல்லை என்று ஆகப்போகிறதே. பென்னாகரத்தில் இறங்கி அவருக்குப் பிடித்த பருப்பு வடை எட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால், அவர் எனக்காக நான்கு முழம் மல்லிகை வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார். முதல் நாளிலிருந்தே அவரிடம் இந்த மாற்றம் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். புதன் மாலை முதல் அவர் பேச்சில் தேன் ஒழுகியது. காப்பித் தம்ளரைத் தாமே கழுவினார். என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட வந்தார். “உனக்கு எது சந்தோசமோ அதுதான் எனக்கும்,” என்றார். அதே வாக்கியத்தை நானும் அவருக்குத் திருப்பிச் சொன்னேன். ஐம்பது ஆண்டு இல்லறத்தில் அந்த ஒரு மாலையைப் போல் நாங்கள் ஒருவரையொருவர் உபசரித்ததில்லை. வடை எட்டும் தீர்ந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் சேர்ந்து போனோம். பூசாரி வயதில் இளையவர். உறவில் எங்களுக்கு மகன் முறை. எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, கண்களால் எங்கள் கைகளில் எதையோ தேடினார்.

“பொங்கப் பானை எங்கீங்க பெரியப்பா?”

“பொங்க வைக்க வரலியே தம்பி. பூ கேக்க வந்திருக்கோம்.”

“மறுபடியுமா?”

பூசாரி மிக இயல்பாகத் தொடர்ந்தார்.

“புதங்கெழமை நீங்க வந்தீங்க. வலப்பக்கம் விழுந்துச்சு. நேத்து பெரியம்மா வந்தாங்க. அதுவும் வலப்பக்கம். இன்னிக்கு ஜோடியா வந்ததும், காரியம் கைகூடிருச்சு, பொங்க வைக்க வந்திருக்காங்கன்னு நெனச்சேன்.”

என் கணவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். “நீ நேத்து கருவூலத்துக்குத்தானே போன?”

“போனேன். உசுரோட இருக்கேன்னு அங்க கையெழுத்துப் போட்டுட்டு இங்க வந்தேன். நீங்க புதங்கெழமை, கண் ஆபரேசன் பண்ணுன சிநேகிதரப் பாக்கப் போறதாச் சொன்னீங்களே.”

“அவரையும் பாத்தேன். கண்ணு நல்லாத் தெரியுதாம்.”

“சரி, என்னன்னு கேட்டீங்க?”

“நீ என்னன்னு கேட்ட?”

“இங்க சொல்லக் கூடாதுங்க,” என்று பூசாரி இடைமறித்தார். “சாமி முன்னால வாயத் தொறந்தா வாக்கு நிக்காது. வெளிய போய்ப் பேசிக்கங்க.”

இன்னொரு பூ வைத்துப் பார்க்கலாமே என்று கணவர் கேட்டார். பூசாரி தலையசைத்து மறுத்தார். “ஒரு காரியத்துக்கு ஒரு பூதாங்க வழக்கம். நீங்க ஒண்ணுக்கு ரெண்டு வாங்கிட்டீங்க. மூணாவது கேட்டா, ஆத்தா எழுந்து என்னைய அடிப்பா.”

திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பாதையோரப் புளியமரத்தடிக் கல்லில் அமர்ந்தோம். கடலோரத்தில் குடியிருந்தால் நன்றாக இருப்போமா என்று தாம் கேட்டதாக அவர் சொன்னார். காரிமங்கலத்திலேயே இருந்தால் குறைவின்றி இருப்போமா என்று நான் கேட்டதைச் சொன்னேன். இரண்டுக்கும் அம்மை ஆம் என்றிருக்கிறாள். முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை. சிரித்து ஓய்ந்து, என் முந்தானையால் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

“ஆத்தா மேல தப்பில்ல. கேட்ட நம்ம மேலதான் தப்பு,” என்றார் அவர், பழுதைக் கண்டுபிடித்துவிட்ட மெக்கானிக்கின் குரலில். “எங்க இருந்தாலும் நல்லா இருப்பீங்கன்னு சொல்லிட்டா. எங்க இருக்கறதுங்கறத நம்ம தலையில கட்டிட்டா.”

அருள் எப்போதும் அவ்வாறுதான் என்று எனக்குத் தோன்றியது. கேட்ட ஒவ்வொருவருக்கும் அது கொடுக்கிறது. வழக்குத் தீர்த்து வைப்பதை மட்டும் தன் வேலையாகக் கொள்வதில்லை.

“சரி, இப்ப வாயத் தொறந்து சொல்லுங்க. உங்களுக்கு அந்தக் கடல் எதுக்கு?” என்றேன்.

அவர் செருப்பின் நுனியால் மண்ணைக் கிளறினார்.

“முப்பத்தாறு வருசம் ஊர் ஊராப் போனேன். பம்பு அடிச்சு அடிச்சுத் தண்ணி வரலைன்னா, கொடத்தோட நிக்கற பொம்பளைங்க எல்லாம் என்னையத்தான் பாப்பாங்க. திட்டறவங்க திட்டிட்டுப் போயிருவாங்க. திட்டாமப் பாக்கறாங்க பாரு, அதுதான் தாங்காது. பூமியில தண்ணி இல்லாததுக்கு நான் என்ன பண்ணுவேன். அன்னிக்குக் கடலுக்கு முன்னால நின்னனா, யாரும் என்னைய ஒண்ணும் கேக்கலை.”

ஐம்பது ஆண்டுகளில் இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. மாலையில் எண்ணெய்க் கறையோடு வருவார், சோப்பு எடுத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

பேருந்து வந்தது. அதில் ஏறியதும் எங்கள் வழக்கு தலைகீழாகப் புரண்டது. போவதே சரி என்று நான் வாதாடத் தொடங்கினேன். இருப்பதே சரி என்று அவர் வாதாடினார். அந்தப் பதினொரு பேரை நீ எப்படி விட்டுவிட்டு வருவாய் என்றார். கடல் வேண்டுமென்று இவ்வளவு ஆசைப்பட்ட மனிதர் ஊர்க்கோடி வீட்டில் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவீர்கள் என்றேன். நடத்துநர் வந்து நின்றார். எனக்கு மகளிர் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

“ஐயா எங்க போகணுங்க?”

“அதத்தாங்க பேசிக்கிட்டிருக்கோம்.”

“பென்னாகரத்துக்குக் கிழிச்சுக் கொடுக்கறேன். மீதிய எறங்கிப் பேசிக்கங்க,” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த இருக்கைக்குப் போனார். முன்னிருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

தருமபுரியில் பேருந்துக்கு நெடுநேரம் காத்திருக்க நேர்ந்ததால் காரிமங்கலத்தில் இறங்கியபோது விளக்கேற்றும் வேளை தாண்டிவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. பாடும் பெண்கள் எனக்காகக் காத்திருந்துவிட்டுக் கலைந்து போயிருப்பார்கள் என்ற கவலையோடு, வீட்டுக்குப் போகாமல் நேரே அடிவாரத்துக்கு நடந்தேன். கணவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

மண்டபத்தை நெருங்கும்போதே பாட்டு கேட்டது.

சில வாரங்களாக நான் அவர்களுக்குக் கற்பித்து வந்த கடற்கரைத் தலத்துப் பதிகம் அது. முதலடியைச் சந்தைக்கார அம்மாள் எடுத்திருந்தார். அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி வேண்டியதில்லை. சந்தையின் இரைச்சலைத் தாண்டித் தக்காளி விற்ற குரல். ஆனால் பண் எங்கேயோ போய்விட்டிருந்தது. நான் நிதானமாக இழுத்துப் பாடக் கற்றுக் கொடுத்த பாட்டு, அவர் வாயில் கும்மி மெட்டாக மாறிக் குதித்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள். அலையும் முத்தும் சங்கும் புன்னையும் அடிக்கொரு துள்ளலாய் வந்து விழுந்தன. செருப்புகள் கிடந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

“பண்ணே தப்பு,” என்றேன் மெதுவாக.

திரும்பிப் பார்த்தேன். என் கணவர் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவருடைய வலது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எத்தனையோ கோயில்களில், எத்தனையோ ஆண்டுகள், நான் பாடி முடிக்கும்வரை என் பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த மனிதர் அவர். அவருடைய கால் என் பாட்டுக்கு ஒருநாளும் அசைந்து நான் கண்டதில்லை.

எனக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு, சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. நேற்று அம்மனின் முன் நின்று, என்னை விட்டால் இவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று எவ்வளவு உருக்கமாக முறையிட்டேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டு எப்படித்தான் சிரிக்காமல் இருந்தாளோ.

“தையில போயிரலாங்க,” என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். “யோசிச்சுத்தான் சொல்றியா?”

“யோசிச்சாச்சு. உங்க சிநேகிதருக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லிருங்க. கொஞ்ச நேரம் போனா நானே மாத்திச் சொன்னாலும் சொல்லுவேன்.”

அவர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்த வேகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கண்ணாடி போடாமலேயே எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்.

நான் உள்ளே போனேன். என்னைக் கண்டதும் பாட்டு சட்டென்று நின்றது. சந்தைக்கார அம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“தப்பாப் பாடிட்டங்களா டீச்சரு? நீங்க வரலையா, சும்மா உக்காந்திருக்க முடியலைங்க. வாயி போன பக்கம் இழுத்துட்டேன்.”

“தப்புதான்,” என்றேன். “மறுபடி மொதல்லருந்து எடுங்க, அதே மெட்டுல.”

அவர் எடுத்தார். நான் கடைசி வரிசையில் தையல்காரிக்கும் பால்காரிக்கும் நடுவே இடம் செய்துகொண்டு அமர்ந்து கைதட்டினேன். இரண்டு இடங்களில் நான்தான் தாளம் தப்பினேன். தையல்காரி முழங்கையால் இடித்துத் திருத்தினாள். தீபாராதனை முடிந்து, திருநீறு பெற்று, சுண்டல் பங்கிட்டுக்கொண்டிருந்தபோது தைமாதம் நாங்கள் கடலோரத்துக்குக் குடிபோவதைச் சொன்னேன். சற்று நேரம் எவரும் மெல்லவில்லை.

“அங்க போய் யாருக்குப் பாடுவீங்க, மீனுக்கா?” என்றாள் பால்காரி.

“பாட்டெல்லாம் நீங்க பாத்துக்கங்க. எல்லா வெள்ளிக்கெழமையும் நடக்கணும்,” என்றேன்.

“அது நடக்குங்க,” என்றார் சந்தைக்கார அம்மாள். “மெட்டு எங்க இழுத்துக்கிட்டுப் போகும்னுதான் சொல்ல முடியாது. நீங்க பயப்படாமப் போங்க. புதுவூட்டுல பால் காய்ச்சற அன்னிக்கு நாங்க வேன் பிடிச்சு வந்துருவோம். எங்கள்ள ஏழு பேரு கடலே பாத்ததில்ல.”

“எட்டு,” என்றது ஒரு குரல்.

அதன் பிறகு என்னை எவரும் பொருட்படுத்தவில்லை. வேன் யாருடையது, வழியில் சாப்பாடு கட்டிக்கொண்டு போவதா, கடலில் குளிக்க எந்தச் சேலை கட்டுவது என்று பதினொருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றிருந்த என் கணவரைச் சந்தைக்கார அம்மாள் உள்ளே கூப்பிட்டார்.

“ஐயா, அந்த வூட்டுல எத்தன பேரு படுக்கலாங்க?”

அவர் மிகுந்த பொறுப்போடு விரல்விட்டு எண்ணினார். கூடத்தில் ஆறு பேர், அறையில் மூன்று பேர், தாழ்வாரத்தில் இரண்டு பேர்.

“பதினொண்ணு படுக்கலாம்.”

“அப்ப நீங்க ரெண்டு பேரு எங்க படுப்பீங்க?”

“எங்களுக்கு எதுக்கு எடம்,” என்றார் அவர். “நாங்கதான் கடலப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பமே.”